நெட்வேர்க் பூட் எங்கே நிற்கிறது? கணினி அறை முழுவதுக்கும் ஒரே இமேஜ் ஏற்றும் முறை

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று வன்னியில் எந்தப் பள்ளிக்கூடத்துக் கணினி அறைக்குப் போனாலும் அநேகமாகக் கலவைதான் இருக்கும். பாதி பழைய மெஷின், மிச்சம் வெளிநாட்டிலிருக்கிற பழைய மாணவர்கள் அனுப்பியது, ஓரமாக ஒன்றிரண்டு புதுசு. ஒவ்வொன்றுக்கும் பென்டிரைவ் குத்தி, விண்டோஸ் போட்டு, டிரைவர் தேடி, தமிழ் விசைப்பலகை வைத்து முடிப்பதற்குள் ஒரு கிழமை போய்விடும். ஒன்றை ஒழுங்காகத் தயார்செய்து இமேஜ் (டிஸ்க் முழுவதன் பிரதி) எடுத்து, மற்றவற்றுக்கு வயர் வழியாக ஒன்றாக ஏற்றினால் அது அரை நாள் வேலை.

இதற்குக் குளோன்சில்லா போதும். இலவச மென்பொருள், பென்டிரைவிலிருந்தே ஓடும். ஃபொக் என்றும் ஒன்று உண்டு. நல்லதுதான், ஆனால் அதற்கென்று ஒரு லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) சேர்வரை வைத்துப் பராமரிக்க வேண்டும். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை இமேஜ் ஏற்றும் அறைக்கு அது வெறும் மினக்கேடு.

குளோன்சில்லாவை இயக்கத் தெரிந்தவர்கள்கூட நெட்வேர்க் பூட் (டிஸ்கிலிருந்தல்லாமல் வலையமைப்பு வழியாகக் கணினியைத் தொடக்குவது) என்று வந்ததும் திணறுவார்கள். பிழை வந்தவுடன் இமேஜைச் சந்தேகித்து, திரும்ப எடுத்து, பிறகு விண்டோஸைத் திட்டுவார்கள். அந்த நேரத்தில் இமேஜுக்கு அங்கே வேலையே தொடங்கியிருக்காது.

முதலில் ஒழுங்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நெட்வேர்க்கிலிருந்து பூட் ஆகிற கணினி வரிசையாக இவற்றைச் செய்கிறது. கேபிளில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கும். “எனக்கு ஒரு ஐபி முகவரி தாருங்கள்” என்று டிஎச்சிபியிடம் (முகவரி பங்கிடும் சேவை) கேட்கும். வருகிற பதிலில் எந்தச் சேர்வர், எந்தக் கோப்பு என்ற விவரமும் இருக்க வேண்டும். அந்தக் கோப்பை டிஎஃப்டிபி (வலையமைப்பில் கோப்பு இறக்கும் எளிய முறை) மூலம் இறக்கும். அந்தச் சின்ன நிரல் ஒரு லினக்ஸை நினைவகத்துக்குள் கொண்டுவரும். அந்த லினக்ஸ்தான் கடைசியில் டிஸ்கைத் தேடி இமேஜை எழுதும்.

ஒரு கட்டம் தவறினால் அடுத்தது நடக்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தக் கட்டத்தில் நின்றது? பதில் திரையின் கடைசி வரியில் இருக்கும். ஆனால் அந்த வரி இரண்டு மூன்று விநாடியில் மறைந்து விண்டோஸோ பயோஸோ (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) வந்துவிடும். போனைத் திரைக்கு நேரே பிடித்து வீடியோ எடுங்கள், பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கண்ணால் வாசித்துப் பிடிக்கிற வேகம் அதில்லை.

படி 1: அறையைத் தனியாக்குங்கள்

இணையத்துக்கு வைத்திருக்கிற ரவுட்டரின் வயரைச் சுவிட்சிலிருந்து கழற்றுங்கள். 4ஜி ரவுட்டரானாலும் அப்படித்தான். ஒரு சுவிட்ச், ஒரு சேர்வர் கணினி, ஏற்ற வேண்டிய கணினிகள், அவ்வளவும்தான் வலையமைப்பில் இருக்க வேண்டும். ஏனென்று படி 4இல் தெரியும்.

சேர்வராக ஓடும் கணினியையும் சுவிட்சையும் ஒரே யூபிஎஸ்ஸில் கொழுவுங்கள். கரண்ட் போனால் ஏற்றப்படுகிற கணினி பாதியில் நிற்கும், அதைத் திரும்ப ஏற்றலாம். சேர்வரில் கொழுவியிருக்கிற வெளி ஹார்ட்டிஸ்க் எழுதும்போது நின்றால்தான் தலையிடி.

படி 2: மாதிரிக் கணினியைத் தயார்செய்யுங்கள்

அறையில் இருப்பதிலேயே சின்ன டிஸ்க் உள்ள கணினியை மாதிரியாக எடுங்கள். 500 ஜிபி ஹார்ட்டிஸ்கில் எடுத்த இமேஜை 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு ஏற்றப்போனால், உள்ளே 40 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் இடம் போதாது என்று குளோன்சில்லா மறுக்கும். சின்னதிலிருந்து பெரிதுக்குப் போவதில் சிக்கல் இல்லை. மிஞ்சுகிற இடத்தைப் பிறகு விண்டோஸிலேயே சேர்க்கலாம்.

மென்பொருட்களைப் போட்டபின் மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இயங்கினால் நீங்கள் “ஷட் டவுன்” கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடாது, பாதி உறக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் குளோன்சில்லா விண்டோஸ் இருக்கிற என்டிஎஃப்எஸ் பகுதியைப் படிக்க மறுக்கும். அவசரத்துக்கு ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக மூடும். இரண்டு, பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். புதுக் கணினிகளில் கேட்காமலே இயங்கியிருக்கும். பூட்டிய டிஸ்கில் எது வெறும் இடம், எது கோப்பு என்று குளோன்சில்லாவுக்குத் தெரியாது. முழு டிஸ்கையும் அப்படியே பிரதியெடுக்கும், இமேஜும் டிஸ்க் அளவுக்கு வீங்கும்.

மூன்றாவது சிஸ்பிரெப், விண்டோஸோடு வரும் ஒரு கருவி. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் சிஸ்பிரெப் என்ற ஃபோல்டரில் இருக்கிறது. “ஜெனரலைஸ்” என்பதைச் சரிக்குறியிட்டு, முடிவில் ஷட் டவுன் என்று கொடுங்கள். கணினியின் தனி அடையாளங்களை அது அழித்துவிடும். பிறகு அந்தக் கணினியை விண்டோஸுக்குள் விடாமல் நேரே குளோன்சில்லா பென்டிரைவில் பூட் செய்து இமேஜ் எடுக்க வேண்டும். சிஸ்பிரெப் பிழை காட்டி நின்றால், ஸ்டோரிலிருந்து ஒரு பயனருக்கு மட்டும் இறங்கிய செயலிதான் பெரும்பாலும் காரணம். அதனால் மாதிரியைத் தயார்செய்யும்போது இணையத்தைக் கொடுக்காமலிருப்பது நல்லது.

இமேஜை வெளி ஹார்ட்டிஸ்கில் சேமியுங்கள். சேமித்தபின் சரிபார்க்கவா என்று குளோன்சில்லா கேட்கும். ஆம் என்று கொடுங்கள். அந்தப் பத்து இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள்.

படி 3: சேர்வரை எழுப்புங்கள்

ஒரு கணினியைக் குளோன்சில்லா பென்டிரைவில் பூட் செய்து, இமேஜ் இருக்கிற வெளி டிஸ்கைக் கொழுவி, “லைட் சேர்வர்” என்ற தெரிவுக்குப் போங்கள். டிஎச்சிபியை அதுவே நடத்தும்படி விடுங்கள். ரவுட்டரைக் கழற்றிவிட்டதால் போட்டிக்கு ஆளில்லை. டிஸ்க் முழுவதையும் மீட்டெடுக்கும் முறையையும், பல கணினி என்றால் மல்டிகாஸ்டையும் (எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது) தெரிவுசெய்யுங்கள். எத்தனை கணினி சேரும்வரை காத்திருக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்றும் கேட்கும்.

இங்கே ஒருக்கால் நில்லுங்கள். ஏற்றத் தொடங்கினால் எதிர்ப்பக்கத்து டிஸ்க் முழுவதும் அழியும், டி டிரைவ் உட்பட. “விண்டோஸ்தானே தம்பி புதுசாப் போடுறீர், டி-யில கிடக்கிற மார்க்ஸ் சீட்டுக்கு ஒண்டும் நடக்காதே?” என்று ரீச்சர் கேட்டால் “இல்லை ரீச்சர், அதுவும் போகும், இப்பவே எடுத்து வையுங்கோ” என்று சொல்லிவிடுங்கள். கேட்காத ரீச்சரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

படி 4: மற்றக் கணினிகளை நெட்வேர்க்கில் பூட் செய்யுங்கள்

கணினியைப் போட்டவுடன் டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் பெரும்பாலும் எஃப்9 அழுத்தினால் பூட் பட்டியல் வரும். அதில் வலையமைப்பு அட்டை இருக்க வேண்டும். முழுக் கதையும் இங்கேதான் என்பதால் ஒவ்வொரு நிலையாகப் பார்ப்போம். ஈ என்று தொடங்கும் இலக்கங்கள் திரையில் வரும் பிழைக் குறியீடுகள்.

பட்டியலிலேயே இல்லை: பயோஸுக்குள் போய் “நெட்வேர்க் ஸ்டாக்” அல்லது “பிஎக்ஸ்ஈ பூட்” (நெட்வேர்க் பூட்டுக்கு இன்னொரு பெயர்) என்பதை இயக்குங்கள். இயக்கிச் சேமித்தும் அடுத்த நாள் மறந்துவிடுகிறதா? திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்ட்டில் இருக்கிற சிஆர்2032 பட்டரி செத்துவிட்டது. இரவு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போகிற அறைகளில் இது சாதாரணம். பட்டரியை மாற்றாமல் பயோஸோடு மல்லுக்கட்டுவது வீண்.

ஈ61, “கேபிளைப் பாருங்கள்”: நம்புங்கள், அது உண்மையைத்தான் சொல்கிறது. கேபிள் முனையின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, வயர் பாதி வெளியே நிற்கும். அல்லது செம்மண் தூசி துளைக்குள் அடைந்திருக்கும். வயரைக் குத்தியதும் அட்டையின் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் வேலைசெய்கிற கணினியின் வயரைக் கழற்றி இதில் குத்திப் பாருங்கள்.

ஈ51, அல்லது புதுக் கணினிகளில் ஈ16: கேபிளில் உயிர் உண்டு, ஆனால் முகவரி கொடுக்க யாரும் வரவில்லை. சேர்வர் அதே சுவிட்சில்தான் இருக்கிறதா, அறையில் இரண்டு சுவிட்ச் இருந்தால் அவற்றை இணைக்கிற வயர் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியை விண்டோஸில் விட்டுப் பார்த்து முகவரி 169.254 என்று தொடங்கினால் அதே நோய்தான். விலைகூடிய, நிர்வகிக்கக்கூடிய சுவிட்சென்றால் இன்னொரு காரணமும் உண்டு. வயர் உயிர்பெற்றபின் ஸ்பானிங் ட்ரீ (வயர்கள் வளையமாகச் சுற்றுகின்றனவா என்ற) சோதனைக்காக அது 30 விநாடி வழியை அடைத்து வைத்திருக்கும், அதற்குள் கணினி கேட்டுக் களைத்துவிடும். அந்தச் சுவிட்சில், காத்திருக்காமல் வழிவிடும் போர்ட்ஃபாஸ்டை இயக்குங்கள், அல்லது இடையில் ஒரு மலிவுச் சுவிட்சை வையுங்கள்.

ஈ53, கோப்பின் பெயர் வரவில்லை: இதைக் கண்டால் உடனே ரவுட்டரைத் தேடுங்கள். முகவரி கிடைத்திருக்கிறது, ஆனால் கொடுத்தது உங்கள் சேர்வர் அல்ல. வீட்டு ரவுட்டருக்கும் டிஎச்சிபி தெரியும், முகவரி கொடுக்கும். எந்தக் கோப்பில் பூட் ஆக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ரவுட்டர் முந்திய கணினி நிற்கும், சேர்வர் முந்தியது பூட் ஆகும். அதனால்தான் “நேற்று வேலை செய்தது, இன்றைக்கு இல்லை”, “இந்த வரிசை வருகுது, அந்த வரிசை வரவில்லை” என்ற குழப்பம். கழற்றிவிட்டோம் என்று நினைத்த ரவுட்டர் அதிபரின் அறைச் சுவிட்ச் வழியாக இன்னும் இணைந்திருக்கலாம். சுவிட்சுக்குள் போகிற ஒவ்வொரு வயரையும் கையால் பிடித்து மறுமுனை வரை போய்ப் பாருங்கள்.

ஈ32: கோப்பின் பெயர் தெரியும், டிஎஃப்டிபி பதில் தரவில்லை. குளோன்சில்லாவில் இது அபூர்வம். சொந்தமாக லினக்ஸ் சேர்வர் அமைத்தவர்களுக்குத்தான் வரும், அப்போது ஃபயர்வோலில் டிஎஃப்டிபிக்குரிய யூடிபி 69 வாசல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு இல்லை என்று வந்தால் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைக் கவனியுங்கள். லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு.

கோப்பு இறங்கியது, ஆனால் பூட் பட்டியலுக்கே திரும்பி வருகிறது: பெரும்பாலும் செக்யூர் பூட், அதாவது ஒப்பமில்லாத நிரலைப் பூட் ஆக விடாத காவல். வேலை முடியும்வரை அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பூட் முறை பொருந்தவில்லை. பழைய பயோஸ் முறைக்கு ஒரு கோப்பு, புதுக் கணினிகளின் யூஈஎஃப்ஐ முறைக்கு வேறு கோப்பு. சேர்வரில் ஒன்றை மட்டும் எழுதிவைத்தால் மற்றக் கூட்டம் நிற்கும். குளோன்சில்லாவின் சொந்த டிஎச்சிபி ஆளைப் பார்த்துக் கொடுக்கும்.

லினக்ஸ் வந்தபின் வலையமைப்பு இல்லை: அட்டை மிகப் புதுசு, லினக்ஸ் பழசு. குளோன்சில்லாவின் புதிய பதிப்பை இறக்குங்கள். டெபியன் அடிப்படையிலானது சரிவராவிட்டால் உபுண்டு அடிப்படையிலானதை முயலுங்கள்.

டிஸ்க் தெரியவில்லை: இன்டெல் கணினிகளில் டிஸ்க் ரெய்ட் அல்லது விஎம்டி (டிஸ்கைக் கையாளும் வேறு முறைகள்) முறையில் இருக்கலாம். பயோஸில் சாதாரண முறையான ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். மாதிரிக் கணினியும் அதே முறையில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றியபின் விண்டோஸ் நீலத்திரை காட்டும்.

படி 5: வேகம் பார்க்கவும்

ஓடத் தொடங்கியதும் நிமிடத்துக்கு எத்தனை ஜிபி என்று திரையில் வரும். கிகாபிட் வலையமைப்பில் சேர்வரும் டிஸ்கும் நல்லதாயிருந்தால் கடகடவென்று போகும். ஆனால் 100 மெகாபிட்டில் விநாடிக்கு 12 எம்பிக்கு மேல் போகாது. சுருக்கிய இமேஜ் 25 ஜிபி என்றால் 35 நிமிடத்துக்குக் குறையாது. கிகாபிட்டுக்கு கேபிளின் எட்டு வயரும் தேவை. ஒரு வயர் அறுந்தாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், இணையம் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

மல்டிகாஸ்டில் இதுதான் வில்லங்கம். எல்லோரும் சேர்ந்து போகிறபடியால் ஆக மெதுவான கணினியின் வேகத்தில்தான் முழு அறையும் போகும். நல்ல கிகாபிட் சுவிட்ச் வைத்தும் ஊர்கிறதென்றால் சுவிட்சின் விளக்குகளைப் பாருங்கள். பலவற்றில் கிகாபிட்டுக்கு ஒரு நிறமும் 100க்கு இன்னொன்றும் எரியும். தனித்து நிற்கிற நிறத்துக்குரிய கணினியை விலக்கிவிட்டு மற்றவற்றை ஏற்றுங்கள். அதைப் பிறகு தனியாகப் பார்க்கலாம். சாகப்போகிற ஹார்ட்டிஸ்க் உள்ள கணினியும் இதே வேலையைச் செய்யும்.

படி 6: ஏற்றியபின்

ஏற்றி முடிந்தும் பூட் ஆகாத கணினியில் முறையைப் பாருங்கள். யூஈஎஃப்ஐயில் எடுத்த இமேஜ் பழைய பயோஸ் முறையில் எழும்பாது, மறுபக்கமும் அப்படித்தான். அறையில் இரண்டு விதமும் இருந்தால் இரண்டு இமேஜ் எடுப்பதே சுருக்கமான வழி. ஒன்றை மற்றதாக்கப் பாடுபடுவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

விண்டோஸ் உரிமம் இமேஜோடு வராது. அந்தந்தக் கணினிக்குரியதுதான் செல்லும், இயக்குவதற்கு முன் அதைக் கவனியுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள், மேசை இலக்கத்தையே பெயராக்கினால் லேசு.

கடைசியாகப் பூட் வரிசையில் டிஸ்கை முதலாவதாக்கி, நெட்வேர்க் பூட்டை நிறுத்திவிட்டு, செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள். இதைச் செய்தபிறகு ரவுட்டரைக் கொழுவுங்கள். வரிசையை மாற்றாமல் போனால் அடுத்த நாள் காலை முதலாம் பாடத்துக்கு வருகிற பெடியள் ஒவ்வொரு மெஷினிலும் ஈ53 வந்து போகும்வரை காத்திருக்க வேண்டும், உங்களுக்கு ரீச்சரின் போனும் வரும்.