வாடைக்காற்றுக்குப் போகிறவர்கள் காணி அலுவலை முதலில் முடியுங்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டால், ஆடி ஆவணி (ஊர் வழக்கில் ஜூலை, ஓகஸ்ட்) என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, நல்லூரில் 25 நாள் திருவிழா. சரி, போகலாம். ஆனால் அப்போது வீசுவது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. புழுதி பறக்கும், நெடுந்தீவுப் படகு ஆடும், பனம்பழம் விழத் தொடங்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அநேகமாக முடிந்திருக்கும். நுங்கு அதற்கும் முந்தி, சித்திரை வெயிலோடு வருவது.

என்னைக் கேட்டால் வாடைக்காற்று வீசும் மார்கழி (டிசம்பர்) நடுவில் போய்ப் பொங்கல் முடித்து வாருங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கிப் பெய்கிற மாரிதான் கிணறுகளை நிரப்புகிறது. கார்த்திகையில் வெள்ளத்துக்கும் புயலுக்கும் பயப்பட வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயல் என்ன செய்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மார்கழி நடுவில் மழை விட்டு விட்டுப் பெய்யும், கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறி நிற்கும். திருவெம்பாவைக் காலத்தில் விடியமுன் சங்கும் சேமக்கலமும் தெருவழியே வரும். போர்வையை விலக்கிக்கொண்டு படலைக்கு ஓடுங்கள். தை பிறந்தால் பனங்கிழங்கு. அவித்த கிழங்கை உரித்து, நடுத் தும்பை இழுத்து எறிந்துவிட்டு, சுடச்சுடக் கடிக்க வேண்டும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். ஊரில் உங்கள் பெயரில் காணி உள்ள, கலியாணமான பெண்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

அம்மாவின் பங்கு எனக்கு வந்தது. அதைத் தன் மகளுக்கு எழுதித் தரும்படி சின்னம்மா கேட்டா. "பிள்ளை, உனக்கு அங்க வீடு இருக்கு. இவளுக்கு இந்த நிலந்தான்" என்றா. அநியாயமான கேள்வி இல்லை. சண்டைக் காலம் முழுக்க அந்த வேலியைக் கட்டிக் காத்ததும், அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்ததும் அவதான். நான் ரொறன்ரோவில் இருந்தேன். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போனால், கணவரின் எழுத்து மூலச் சம்மதம் எங்கே என்கிறார். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட கலியாணமான பெண் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவன் சம்மதிக்க வேண்டுமாம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். நான் பிறந்த வளவு அது. என் கணவர் அதைப் படத்தில் மட்டும் பார்த்தவர். அவர் இலங்கைத் துணைத்தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்து, அந்தக் கடதாசி வந்து சேரும்வரை மார்கழி ஓடியது.

அதற்குள் கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலகம், காணிப் பதிவகம். வாசலில் நனைந்த குடைகள் குவிந்து, தண்ணீர் வாங்குக்குக் கீழே ஓடும். பதிவேட்டில் அம்மம்மாவின் பெயர் இருந்த பக்கம் ஓரம் உதிர்ந்து ரேப் ஒட்டியிருந்தது. எழுதுவினைஞர் விரலை வைத்துத் தேடி, "இலக்கம் பொருந்தேல்ல அக்கா, நாளைக்கு வாங்கோ" என்றார். நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. அடுத்தது நத்தார். அதன் பின் வருஷக் கடைசி, பொறுப்பானவர் லீவு.

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று பட்டம் ஏற்றுவதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். வாடைக்காற்றில், பட்டத்தில் கட்டுகிற விண் கூவுகிற சத்தத்தைச் சின்ன வயதில் கேட்டது. அந்தப் பின்னேரம் நொத்தாரிசுக்கு நேரம் கிடைத்தது என்று உறுதி வரைபைத் திருத்திக்கொண்டிருந்தோம். உறுதி நல்லபடி முடிந்தது, சின்னம்மாவின் மகள், என் தங்கச்சி, கட்டிப்பிடித்து அழுதாள். அந்தப் பின்னேரத்தைத்தான் திருப்பி எடுக்க முடியாது.

ஆகவே காணி அலுவல் இருந்தால் கணவரின் சம்மதக் கடிதத்தையோ அற்றோணித் தத்துவத்தையோ (உங்களுக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வெளிக்கிட முன்னரே துணைத்தூதரகத்தில் முடியுங்கள். வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் நொத்தாரிசிடம் முதலே கேளுங்கள். பதிவேட்டுப் பிரதியை உறவுக்காரர் யாரையாவது கொண்டு ஆவணியிலேயே எடுப்பியுங்கள். போயா நாட்களைக் கலண்டரில் குறியுங்கள்.

அப்புறம் பிள்ளைகள். வெளிநாட்டுப் பள்ளிகள் பல தை (ஜனவரி) முதற் கிழமையிலேயே தொடங்கிவிடும், பொங்கலோ 14, 15ஆம் திகதிதான் வரும். ஆசிரியரிடம் கேட்டு லீவு எடுங்கள். தவறுகிற பாடத்தை வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம்.