மொலாசஸ் எத்தனால்: விளைச்சல் எங்கே தொலைகிறது?

மொலாசஸில் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கெட்டிப்பாகு) இருந்து வரும் எத்தனால் குறைகிறது என்றதும் பல ஆலைகளில் முதலில் சந்தேகப்படுவது வடிகலத்தை. வாஷில் (மொலாசஸில் நீரும் ஈஸ்டும் சேர்த்து நொதிக்கவிட்ட கரைசல்) இருக்கும் எத்தனாலைப் பிரித்துத் தருவது மட்டுமே அதன் வேலை. ஒழுங்காக ஓடினால் அதில் போவது 1–2 சதவீதம்தான். பெரிய இழப்பெல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

முதல் தவறு லாரி எடைமேடையிலேயே தொடங்குகிறது. 85 பிரிக்ஸ் (கரைந்த திடப்பொருளின் சதவீத அளவு) இருந்தால் நல்ல மொலாசஸ் என்று இறக்கிவிடுகிறார்கள். பிரிக்ஸில் சர்க்கரையோடு பொட்டாசியம், கால்சியம் உப்புகள், பிசின் எல்லாமே சேர்ந்துதான் தெரியும். நொதிக்கும் சர்க்கரையைத் தனியாக ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். ஒரு கிலோ நொதிக்கும் சர்க்கரைக்குக் கோட்பாட்டளவில் 0.648 லிட்டர் எத்தனால் வரும். ஒரே 85 பிரிக்ஸில் ஒரு லோடில் 46 சதவீதமும் இன்னொன்றில் 39 சதவீதமும் இருந்தால், டன்னுக்கு 298 லிட்டர், 253 லிட்டர். இழப்பு எதையும் கழிக்காமலே 45 லிட்டர் வித்தியாசம்! இதைப் பார்க்காமல் ஈஸ்டைத் திட்டிப் பயனில்லை.

சூடாக வந்த மொலாசஸை அப்படியே தொட்டியில் நிரப்புவதும் கூடாது. 40 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் சர்க்கரை தானாகவே சிதையும், நுரை பொங்கும், நிறம் கறுக்கும். குளிர்வித்துத்தான் தேக்க வேண்டும்.

விளைச்சலை அதிகமாகத் தின்பது வெப்பம். ஒரு கிலோ குளுக்கோஸ் நொதிக்கையில் ஏறக்குறைய 560 கிலோஜூல் வெளிவரும். 15 சதவீதச் சர்க்கரை உள்ள வாஷைக் குளிர்விக்காமல் விட்டால் சுமார் 20 டிகிரி ஏறும். ஈஸ்டுக்கு ஏற்றது 30–33. அது 36-ஐத் தாண்டினால், எத்தனால் 7–8 சதவீதம் சேர்ந்த வாஷில் செல்கள் சோர்ந்து, சர்க்கரை மிச்சமாக நின்றுவிடும். அந்த நேரத்தில் கூடுதல் ஈஸ்டைக் கொட்டுவது பலரும் செய்யும் காரியம். புது ஈஸ்டுக்கும் அதே சூடு, அதே எத்தனால்தானே? முதலில் பார்க்க வேண்டியது வெப்பப் பரிமாற்றியின் தட்டுகளில் அடை படிந்திருக்கிறதா என்று. கூலிங் டவரையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. கடலோர ஊர்களில் புழுக்கமான நாளில் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஆவியாதலால் தண்ணீர் குளிரக்கூடிய கீழ் எல்லை) 27–28 இருக்கும். டவர் தண்ணீர் அதைவிட மூன்று, நான்கு டிகிரி மேலேதான் வரும். அந்தத் தண்ணீரை வைத்து வாஷை 32-இல் பிடிப்பது கடினம். கோடையில் சில்லர் (தண்ணீரைக் குளிரூட்டும் இயந்திரம்) தேவைப்படுவது இதனால்தான்.

அடுத்து அமிலம். பாக்டீரியாவுக்குப் பயந்து பிஹெச் 4-க்குக் கீழே போகும்வரை கந்தக அமிலம் ஊற்றுகிறார்கள். மொலாசஸில் உள்ள கால்சியம், அமிலத்தின் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகி, பிற்பாடு சூடான வடிகலத் தட்டுகளில் கல்லாகப் படியும். 4.5 பக்கத்தில் நிறுத்துவதே நல்லது. பாக்டீரியாவை விரட்டுவது சுத்தம். குழாயில் வாஷ் தேங்கி நிற்கும் முட்டு மூலைகள்தான் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவின் வீடு. நொதிப்பின் நடுவே பிஹெச் வழக்கத்தைவிட வேகமாக இறங்கினால் அங்கே தேடுங்கள். யூரியாவைக் கைக்கு வந்தபடி போடுவதும் வேண்டாம். ஈஸ்ட் எடுத்தது போக மிஞ்சியது கிருமிகளுக்குத் தீனி.

எரிபொருளுக்கு வேண்டியது 99.5 சதவீதத்துக்கு மேற்பட்ட தூய்மை. சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு வடித்தாலும் எடையளவில் 95.6 சதவீதத்தில் நின்றுவிடும். மிச்ச நீரை எடுப்பது 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை. இங்கே நடக்கும் தவறு, ஆவியைப் போதிய அளவு மிகைச்சூடாக்காமல் (கொதிநிலைக்கு மேலும் சூடேற்றாமல்) அனுப்புவது. துளித் துளியாக நீர் கலந்து வந்தால் சல்லடையில் உள்ள ஜியோலைட் மணிகள் நொறுங்கித் தூளாகி வால்வில் அடைக்கும்.

ஒன்று மட்டும் பணத்தோடு முடிவதில்லை. காலியான பெர்மென்டரின் (நொதிப்புத் தொட்டி) அடியில் கார்பன் டை ஆக்ஸைடு தங்கும். கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கத்தில் இங்கே தீ கொண்டுபோனால், எத்தனால் ஆவி காற்றில் 3.3 சதவீதம் இருந்தாலே பற்றும். ஆக்ஸிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் உள்ளே இறங்கக்கூடாது.