காஸ்டிக் சோடாவைக் கையாள ஏற்ற கையுறை: எளிதில் புண்படும் தோலுள்ளவர்களுக்கு

வீட்டில் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு தயாரிப்பவர்கள் காஸ்டிக் சோடாவுக்கு அஞ்சி, கடையில் இருப்பதிலேயே தடித்த கையுறையைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் காஸ்டிக் சோடாக் கரைசலைத் தடுப்பது கையுறைக்குப் பெரிய வேலையல்ல. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர் வகைகளான நைட்ரைல், நியோப்ரீன், பிளாஸ்டிக் வகையான பி.வி.சி. ஆகிய நான்குமே அதை நன்றாகத் தாங்கும். எளிதில் தடித்துச் சிவக்கும் தோலுள்ளவர்களுக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் கையுறையில் கலந்திருக்கும் பொருளோ, மணிக்கட்டு வழியாக உள்ளே இறங்கும் துளியோதான்.

இயற்கை ரப்பரில் உள்ள புரதம் சிலருக்கு அணிந்த சில நிமிடங்களிலேயே அரிப்பையும் தடிப்பையும், அரிதாக மூச்சுத்திணறலையும் உண்டாக்கும் என்பதால், அத்தகையோர் அதை அறவே தவிர்க்க வேண்டும். நைட்ரைலுக்கு மாறிய பிறகும் அரிப்பு நிற்கவில்லை என்பவர்களும் உண்டு. ரப்பரைப் பதப்படுத்தும்போது அது விரைவாக இறுகுவதற்காகச் சேர்க்கப்படும் தையூரம், கார்பமேட் போன்ற வேதிப்பொருள்கள் (முடுக்கிகள்) நைட்ரைலிலும் நியோப்ரீனிலும் எஞ்சியிருக்கக்கூடும். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே சிவப்பாகவும் சிறு கொப்புளங்களாகவும் வெளிப்படுவதால், பழி சோப்பின் மேல் விழுந்துவிடுகிறது. சிவப்பு மணிக்கட்டில் கையுறையின் விளிம்போடு கோடு போட்டாற்போல் நின்றால், முதலில் கையுறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். முடுக்கி சேர்க்காத நைட்ரைல் சற்று விலை கூடுதலானாலும் இத்தகையோருக்கு அதுவே என் முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் தடித்த பி.வி.சி. போதும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தோல் மருத்துவர் சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை காட்டிவிடும்.

வாங்கும்போது உறையில் ஈ.என். ஐ.எஸ்.ஓ. 374 என்ற தரக்குறியையும், குடுவைப் படத்தின் கீழே ஆங்கில எழுத்தான ‘கே’ உள்ளதா என்பதையும் பாருங்கள். அந்த எழுத்து 40 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடுக்கு, அதாவது காஸ்டிக் சோடாக் கரைசலுக்கு, எதிராகச் சோதிக்கப்பட்டதைக் குறிக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய கையுறை நகம் பட்டாலே கிழியும். சோடாவைக் கரைக்கும்போது 80 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடிய சூட்டையும் அது தடுக்காது. தோல், துணிக் கையுறைகள் கரைசலை உறிஞ்சிக் கையோடு ஒட்டவைத்துவிடும் என்பதால் அவை வேண்டவே வேண்டாம்.

முழங்கையை நோக்கி நீளும் கையுறையை எடுத்து, அதன் விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிட்டால், கையை உயர்த்தும்போது வழியும் துளி அந்த மடிப்பில் தங்கும். வியர்வையே அரிப்பைக் கிளப்பும் என்பதால், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணிந்து, அது நனைந்ததும் மாற்றுவது நல்லது. ஒவ்வொரு முறையும் கையுறைக்குள் காற்றை அடைத்து விளிம்பைச் சுருட்டி அழுத்தினால், ஓட்டை இருப்பது தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் கையிலிருக்கும்போதே கையுறையைத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

வேலையின் நடுவே உள்ளே வழுவழுப்பாகத் தோன்றினால், வலி இல்லை என்று பொறுத்திருக்காதீர்கள். காஸ்டிக் சோடா தோலின் கொழுப்பை அரிக்கத் தொடங்கியிருக்கலாம். எரிச்சலோ சற்றுத் தாமதமாகவே தெரியக்கூடும். உடனே இரண்டு கையுறைகளையும் கழற்றிவிட்டு, வினிகர் எதுவும் ஊற்றாமல், ஓடும் குழாய்நீரில் 20 நிமிடமாவது கையைக் காட்டுங்கள். அதன் பிறகும் எரிச்சலோ நிறமாற்றமோ இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.