கோமாளி மீன் வளர்ப்பு: முட்டைக்கு முன்பே ரோட்டிஃபர்

ஓசெல்லாரிஸ் வகைக் கோமாளி மீன்களை வீட்டில் முட்டையிட வைப்பது அவ்வளவு கடினமன்று. பொரித்த குஞ்சுகளைக் காப்பாற்றுவதுதான் கடினம். உங்கள் தொட்டி நைட்ரஜன் சுழற்சி (மீன் கழிவின் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றத் தொடங்கும் கட்டம்) முடிந்து நிலைபெற்றுவிட்டது என்று கொண்டே தொடங்குகிறேன்.

முதலில் தண்ணீர். பெங்களூருவில் போர்வெல் நீர் உப்புக் கடினம் மிகுந்தது, காவிரி நீரில் குளோரின் உண்டு, ஆகவே ஆர்.ஓ.வுடன், எஞ்சிய அயனிகளை நீக்கும் டி.ஐ. வடிகட்டியையும் பொருத்தி, நீரில் கரைந்தவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டிய பிறகே கடல் உப்பைக் கலக்க வேண்டும். ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025, வெப்பம் 26 முதல் 27 டிகிரி செல்சியஸ். ஒப்படர்த்தியை அளவிட, ஒளிவிலகலைக் கொண்டு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரே வாங்குங்கள். பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரின் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலும் அளவு கூடுதலாகத் தெரியும்.

இம்மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்கின்றன; பெரியது பின்னர் பெண்ணாகிறது. எனவே பண்ணையில் பிறந்த, அளவில் வேறுபட்ட இரண்டு இளம் மீன்கள் போதும். இவை இயற்கையில் அண்டி வாழும் கடல் சாமந்தி கட்டாயமில்லை. சாய்த்து வைத்த சிறு மண்தொட்டியிலும் முட்டையிடும். (நம் கடலில் எடுத்த கல் பவளத்தை யாரேனும் விற்றால் வாங்காதீர்கள், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

இனி முக்கியமான படி. புதிதாகப் பொரித்த குஞ்சு ஏறத்தாழ 4 மி.மீ. நீளமே இருப்பதால், ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறால் குஞ்சு அதன் வாய்க்குப் பெரிது. முதல் உணவு, அதைவிடச் சிறிய நுண்ணுயிரியான ரோட்டிஃபர்தான். முட்டையைப் பார்த்த பிறகு இதை வளர்க்கத் தொடங்கினால் காலம் போதாது. உப்பு நீர் நிரப்பிய வாளியில் ரோட்டிஃபரை விட்டு, மெல்லிய காற்றோட்டம் கொடுத்து, அதற்கு உணவாக நானோகுளோராப்சிஸ் எனும் நுண்பாசியை இட வேண்டும். பச்சை நிறம் வெளிறினால் மீண்டும் இட வேண்டும். கண்ணாடிக் குவளையில் எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால், தூவிய மாவு தானே நகர்வதுபோலத் தெரியும். வளர்ப்பு திடீரென அழிவதுண்டு என்பதால் இரண்டு வாளிகள் வேண்டும்.

செம்மஞ்சள் முட்டைகளில் வெள்ளிக் கண்கள் பளிச்சிட்டால், அன்றோ மறுநாளோ விளக்கணைத்த பின் பொரிக்கும். அந்த மாலையே மண்தொட்டியை நீருக்குள்ளேயே வாளியில் ஏந்தி, தாய்த்தொட்டி நீர் நிரப்பிய தனித்தொட்டிக்கு மாற்றி, முட்டைகளின் அருகே காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல் வையுங்கள். மறுநாள் முதல் மி.லி.க்குச் சுமார் 10 ரோட்டிஃபர் இருக்கட்டும்; பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடி, வெளிச்சத்தைக் குறையுங்கள். ஒரு வாரத்துக்குப் பின் ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வெள்ளைப் பட்டை தெரியும் வரை ரோட்டிஃபரையும் தொடருங்கள்.

பின்சேர்க்கை: கேன் தண்ணீர் போதாதா என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். குடிநீரில் தாதுக்கள் இருக்கும். மீட்டரை அதில் நனைத்துப் பாருங்கள், 0 காட்டாது. மின்வெட்டு நேரங்களுக்கு பேட்டரியில் இயங்கும் காற்று பம்பும் அவசியம்.