சட்டைப்பையில் ஒரு குறள்: மனசைப் படிக்கும் வித்தைகள், முதல் பாடம்

மேஜிக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு சீட்டுக்கட்டு வாங்கி, விரல் வளையவில்லை என்று அதை அலமாரியில் போட்டுவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனசைப் படிப்பதுபோலக் காட்டும் வித்தைகளுக்கு விரல் வேகம் தேவையில்லை. ஒரு பேனா, நாலு துண்டுத்தாள், ஒரு கவர், பழைய சீட்டுக்கட்டு ஒன்று இருந்தால் போதும். கல்யாண ரிசப்ஷனில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் ஏழெட்டுப் பேர் நடுவில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

செய்முறையைப் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். நாள் எடுப்பது பேச்சுதான். நாம் எதை முதலில் செய்தோம், எதைப் பிறகு செய்தோம் என்பது பார்ப்பவர் நினைவில் கலங்கிப்போக வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு வித்தையிலும் அந்தக் கலங்கல் எங்கே நடக்கிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

1. வெட்டிய இடத்துச் சீட்டு

இது மேக்ஸ் ஹோல்டன் என்ற மேஜிக்காரர் பெயரில் 1920களிலிருந்து வழங்கிவரும் உத்தி. நீங்கள் நினைத்த சீட்டையே எதிரில் இருப்பவர் ‘தானாக’ எடுக்கவைப்பது.

முதலில் அவரையே கட்டை நன்றாகக் கலைக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கி, “ஜோக்கர் இருந்தா எடுத்துடறேன்” என்று சொல்லி, சீட்டுகளின் முகம் உங்கள் பக்கம் இருக்கும்படி விரியுங்கள். கட்டைக் கவிழ்த்து வைத்தால் எந்தச் சீட்டு எல்லாவற்றுக்கும் மேலே வருமோ, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டின் ஏழு என்று வைத்துக்கொள்வோம். ஜோக்கரை எடுத்துப் போட்டுவிட்டுக் கட்டைக் கவிழ்த்து மேசையில் வையுங்கள். மேலே இருந்ததே ஜோக்கராக இருந்தால், அதற்கு அடுத்ததுதான் உங்கள் சீட்டு. ஒரு துண்டுத்தாளில் ‘ஆட்டின் ஏழு’ என்று எழுதி, மடித்து, அவர் டம்ளருக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

இனி:

அ) “எவ்வளவு வேணுமோ அவ்வளவு வெட்டிப் பக்கத்துல வைங்க” என்று சொல்லுங்கள். அவர் மேல் பாதியைத் தூக்கி மேசையில் வைப்பார். ஆட்டின் ஏழு அந்தப் பாதியின் உச்சியில்தான் இருக்கிறது.

ஆ) மிச்சமிருக்கும் அடிப்பாதியை எடுத்து, அவர் வெட்டிவைத்த பாதியின் மேல் குறுக்காக, கூட்டல் குறிபோல வையுங்கள். “நீங்க வெட்டின இடத்துக்கு ஒரு அடையாளம்” என்று சொன்னால் போதும்.

இ) சீட்டை விட்டுக் கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பாருங்கள். பேசுங்கள். “நீங்கதான் கலைச்சீங்க. நான் தாளை எழுதினப்புறம் அதை யாரும் தொடலை. எங்க வெட்டறதுன்னு நான் சொல்லவே இல்லை, சரியா?” அவர் ஆமாம் என்பார். இப்படி இருபது விநாடியாவது போக வேண்டும்.

ஈ) குறுக்கே இருக்கும் பாதியைத் தூக்கிவிட்டு, கீழ்ப்பாதியின் மேல்சீட்டைக் காட்டி, “நீங்க வெட்டின இடம். திருப்பிப் பாருங்க.”

அது வெட்டிய இடமே அல்ல. முதலிலிருந்து உச்சியில் இருந்த சீட்டு. அந்த இருபது விநாடியில் எந்தப் பாதி மேலே, எந்தப் பாதி கீழே என்பது அவருக்கு மறந்துபோகிறது. நான் முதன்முதலில் செய்தபோது பேசாமல் உடனே தூக்கிக் காட்டினேன். “அது மொதல்லேருந்து மேலயே இருந்துச்சே மாமா” என்றான் எட்டு வயதுப் பையன். அதிலிருந்து நான் வாயை மூடுவதே இல்லை.

2. குறள் கவர்

என்னிடம் ஒரே ஒரு வித்தை சொல்லிக்கொடு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். கணக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பழைய கணக்கு. முடிவு மட்டும் நம்முடையது.

மூன்று இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 732. திருப்பிப் போட்டால் 237. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 495. அதைத் திருப்பினால் 594. இரண்டையும் கூட்டினால் 1089. இப்போது 851-ஐ எடுத்துப் பாருங்கள். 851 கழித்தல் 158, 693. அதோடு 396 கூட்டினால் மறுபடி 1089.

காரணம் எளிது. கழிக்கும்போது நடு இலக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. மிஞ்சுவது எப்போதும் 99-இன் மடங்கு: 198, 297, 396 என்று 891 வரை. இவை எல்லாவற்றிலும் நடுவில் 9, ஓர இலக்கங்களைக் கூட்டினாலும் 9. திருப்பிக் கூட்டினால் 1089-ஐ விட்டால் வேறு வழியே இல்லை.

பெரும்பாலும் இந்த எண்ணை எழுதிக் காட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அது வீண். எண்ணைக் காட்டினால் அது கணக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மேசையில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தால் கதை முடிந்தது. நமக்கோ 1330 குறள் இருக்கிறது, 1089 அதற்குள் அடங்குகிறது. அது எந்தக் குறள் என்று தேடிப் பார்த்த அன்று எனக்கே சிலிர்த்தது. தகையணங்குறுத்தல் அதிகாரம், ஒன்பதாவது குறள்:

பிணையேர் மடநோக்கும் நாணும் உடையாட்கு
அணியெவனோ ஏதில தந்து.

மானைப் போன்ற பார்வையும் நாணமும் உள்ளவளுக்கு வேறு நகை எதற்கு என்கிறார் வள்ளுவர். ரிசப்ஷனில், கழுத்து நிறைய நகையோடு பெண் மேடையில் நிற்கும்போது இதைவிடப் பொருத்தமாக ஒரு தாள் கவரிலிருந்து வெளியே வர முடியாது.

செய்யும் விதம்:

அ) வீட்டிலேயே நல்ல தாளில் குறளை எழுதி, கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். கவர் மேல் பெண் பெயர். வந்ததும் அதை மேசையில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, “சித்தப்பா, இதை உங்க பையில வெச்சுக்கோங்க, நான் கேட்டாலும் குடுக்காதீங்க” என்று சொல்லுங்கள்.

ஆ) இன்னொருவரிடம் போனில் கால்குலேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். மனக்கணக்கு வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒருவர் பெருமையாக மனசுக்குள்ளேயே கழித்துத் தப்பாகச் சொல்ல, எனக்கு வேறு ஏதோ ஒரு குறள் வந்து நின்றது. கவரைப் பிரிக்காமலே சமாளித்து எழுந்துவந்தேன்.

இ) “மூணு இலக்கம். மூணும் வேற வேற. சைபர் வேண்டாம்.” அப்புறம் திருப்பு, கழி, திருப்பு, கூட்டு. ஒவ்வொரு படியையும் மெதுவாகச் சொல்லுங்கள். திரையை எட்டிப் பார்க்காதீர்கள்.

ஈ) ஒரே ஒரு சிக்கல் உண்டு. முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் வித்தியாசம் 1 என்றால் (உதாரணம் 423, 324) கழித்தால் 99 வரும். “ரெண்டு இலக்கம்தான் வருது” என்று அவர் முகம் மாறும். “அப்ப முன்னாடி ஒரு சைபர் போட்டுக்கோங்க” என்று சொல்லிவிடுங்கள். 099-ஐத் திருப்பினால் 990. கூட்டினால் அதே 1089.

உ) விடை வந்ததும், அதைச் சத்தமாகச் சொல்லவிடாமல், “அந்த எண்ணை வெளியில சொல்லாதீங்க. 1330-க்குள்ள இருக்கா? அப்ப திருக்குறள்ல தேடுங்க.” போனிலேயே தேடலாம், இருந்தாலும் கையடக்கப் பதிப்பு ஒன்றைப் பையில் வைத்திருங்கள். பழைய உரைகாரர்கள் சிலர் குறளின் வரிசையை மாற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் புத்தகம் பரிமேலழகர் வரிசையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

ஊ) அவர் குறளைப் படிக்கட்டும். பொருளையும் அவரே படிக்கட்டும். மேசையே பெண்ணைத் திரும்பிப் பார்க்கும். அப்புறம்தான் சித்தப்பாவின் கவர்.

பிரித்ததும் யாருக்கும் கூட்டல் கழித்தல் ஞாபகம் இருக்காது. “ஒரு குறளை நினைச்சாங்க, அது கவருக்குள்ள இருந்துச்சு” என்றுதான் மறுநாள் சொல்வார்கள். அதே கூட்டத்தில் இரண்டாம் முறை செய்யாதீர்கள். இன்னொருவருக்கும் அதே குறள் வந்தால் உங்களைக் காப்பாற்ற வள்ளுவராலும் முடியாது.

3. மேசைமேல் ஐந்து பொருள்

சீட்டும் கணக்கும் பிடிக்காதவர்களுக்கு இது. ராய் பேக்கர் என்பவர் தந்த முறை. சாவி, காயின், பேனா, சீப்பு, மோதிரம் என்று அவர்களிடமிருந்தே ஐந்து பொருள் வாங்கி வரிசையாக வையுங்கள். ‘மோதிரம் மிஞ்சும்’ என்று ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்துவிடுங்கள்.

விதியை இப்படிச் சொல்லுங்கள்: “மாத்தி மாத்தி ஆடறோம். ஒருத்தர் ரெண்டு பொருளைத் தொடணும், இன்னொருத்தர் அந்த ரெண்டுல ஒண்ணை வெளியே எடுத்துடணும்.”

முதலில் தொடுவது நீங்கள். மோதிரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். அவர் எதை எடுத்தாலும் கவலையில்லை. அடுத்து அவர் தொடுவார். அதில் மோதிரம் இருந்தால் நீங்கள் மற்றதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இஷ்டப்பட்டதை எடுங்கள். இப்போது மூன்று மிச்சம். மறுபடி உங்கள் முறை. மோதிரம் அல்லாத இரண்டைத் தொடுங்கள், அவர் ஒன்றை எடுப்பார். கடைசியில் இரண்டு. “ரெண்டையும் என் கையில குடுங்க” என்று வாங்கி, மோதிரத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதை ஒதுக்குங்கள்.

பொருள் ஒற்றைப்படையில் இருந்தால் நீங்கள் தொடங்க வேண்டும். ஆறு பொருள் வைத்தால் அவர் தொடங்க வேண்டும். அதை மறந்தால் கடைசி முடிவு அவர் கைக்குப் போய்விடும். ஆட்டம் சீராக, யோசிக்காமல் போக வேண்டும். உங்கள் முறை வரும்போது மோதிரத்தைப் பார்த்துப் பார்த்துத் தயங்கினால் பிடிபடுவீர்கள்.

4. முப்பத்தேழு

“ஒண்ணுலேருந்து ஐம்பதுக்குள்ள ஒரு எண். ரெண்டு இலக்கமும் ஒற்றைப்படை, ரெண்டும் வேற வேற. பதினஞ்சு மாதிரி.” கேட்பவருக்கு ஏராளமாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் மிஞ்சுவது 13, 17, 19, 31, 35, 37, 39 மட்டுமே. 37 சொல்பவர்கள் நிறைய, அடுத்தபடி 35. அதனால் தாளில் 35 எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் 37 எழுதுங்கள். 37 என்றால் வெற்றி. 35 என்றால், “அதைத்தான் மொதல்ல எழுதினேன், சந்தேகத்துல அடிச்சுட்டேன்” என்று காட்டலாம். இரண்டும் இல்லையென்றால் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஆரம்பத்தில் சும்மா பேச்சோடு பேச்சாகச் செய்து பார்க்க மட்டும் இது சரி. இதை நம்பி நிகழ்ச்சியை முடிக்காதீர்கள்.

5. ஒரு படி முன்னால்

முதல் வித்தையில் கற்ற சீட்டு உத்தி இங்கே வேலைக்கு வருகிறது. மூன்று பேர், மூன்று துண்டுத்தாள், ஒரு எவர்சில்வர் டம்ளர். கட்டின் உச்சியில் எந்தச் சீட்டு என்று உங்களுக்குத் தெரியும். மறுபடி ஆட்டின் ஏழு என்றே வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் ஓர் அக்கா. “ஸ்கூல்ல பக்கத்துல உட்கார்ந்த தோழி ஒருத்தரை நினைங்க.” அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் எழுதுவது பெயர் அல்ல, ‘ஆட்டின் ஏழு’. மடித்து டம்ளரில் போட்டபிறகு, “நான் எழுதியாச்சு, இனி மாத்த முடியாது. எல்லாருக்கும் கேக்கட்டும், யாரு அவங்க?” “மல்லிகா.” சரியாக வந்தமாதிரி லேசாகத் தலையாட்டுங்கள், அதிகம் வேண்டாம்.

இரண்டாமவர் மனசில் ஓர் ஊர். இப்போது நீங்கள் எழுதுவது ‘மல்லிகா’. டம்ளரில் போட்டபிறகு ஊரைக் கேளுங்கள். பொள்ளாச்சி என்கிறார். மூன்றாமவர் கட்டை வெட்ட, நீங்கள் குறுக்கே வைத்துவிட்டு, ‘பொள்ளாச்சி’ என்று எழுதி டம்ளரில் போடுங்கள். முதல் வித்தையில் பேச்சால் நிரப்பிய இருபது விநாடியை இங்கே எழுதும் வேலை நிரப்பிவிடுகிறது. அதன் பிறகே சீட்டைத் திருப்பச் சொல்லுங்கள்.

டம்ளரை நீங்கள் தொடாதீர்கள். அக்காவையே குலுக்கிக் கொட்டச் சொல்லுங்கள். எந்தத் தாள் முதலில் விழுந்தது என்பதை அந்தக் குலுக்கல் அழித்துவிடும். தட்டில் வரிசையாக வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். தாள்கள் மூன்றும் ஒரே அளவு, ஒரே மடிப்பு. எழுதும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ‘மல்லிகா’ எழுத எடுக்கும் நேரத்தில் ஒரு பாரா எழுதினால் எதிரில் இருப்பவர் கவனிப்பார். பேனா முனை அசைவதைப் பார்த்தே எழுத்தைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு, அதனால் தாளை உள்ளங்கையில் சாய்த்துப் பிடித்து எழுதிப் பழகுங்கள்.

இதை நன்றாகச் செய்துவிட்டால் வரும் தொல்லை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரிசப்ஷனில் கைகழுவும் இடத்தில் ஓர் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், “தம்பி, எங்க பொண்ணுக்கு எப்ப அமையும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா” என்றார். கையில் மஞ்சள் தடவிய ஜாதக நகல். நான் டம்ளரை எடுத்துவந்து, அந்தத் தாள்களில் எதை எப்போது எழுதினேன் என்று அவருக்கு மட்டும் விளக்கிக் காட்டினேன். வித்தையை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியை நான் தெரிந்தே மீறியது அந்த ஒரு முறைதான். அந்த அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, “அது சரிப்பா, பொள்ளாச்சின்னு எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.