உலை பற்றாமல் நின்றபோது

இரும்பு காய்ச்சும் கொல்லனின் நிலக்கரி உலையை மூட்ட மூன்று நாள் போராடினேன். காகிதம் எரிந்து தீரும், கரி மட்டும் கறுப்பாகவே கிடக்கும். எடுத்த எடுப்பிலேயே துருத்தியைப் பலமாக ஊதி, பிறந்த தீயை நானே அணைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முதலில் அடியில் இறுகிய பழைய கசடைப் பெயர்த்து, காற்றுத் துளையைத் திறந்துவிடுவேன். காகித உருண்டை, மேலே காய்ந்த சிராய். அது நன்றாகப் பற்றிய பிறகுதான் மெல்லிய காற்று. முந்தைய நாள் மிஞ்சிய கோக் கரி (புகையெல்லாம் போக எரிந்த நிலக்கரி) இருந்தால் அதையே முதலில் போடுவேன், புகை குறைவு. புதுக்கரியை நடுவில் கொட்டாமல் சுற்றிலும் குவிப்பேன். மஞ்சள் புகை அடர்ந்து எழும். சுவாலை பிடித்ததும் புகை அடங்கிவிடும். புகை எழும் நேரத்தில் மட்டும் காற்றை முழுதாக நிறுத்திவிடாதீர்கள். கரியிலிருந்து எழும் எரிவாயு காற்றுக் குழாய்க்குள் புகுந்து, அடுத்த ஊதலில் வெடிக்கக்கூடும்.