யாழ்ப்பாணத்துக் கோடையிலும் மாரியிலும் மட்டக்குதிரையைப் பராமரிக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் குதிரை என்றதும் கோயிற் குதிரை வாகனமும் நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளுமே பலருக்கும் நினைவுக்கு வரும். நெடுந்தீவுக் குதிரைகள் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடித்து வந்து வளர்க்க எண்ணக் கூடாது. முறையாக வாங்கிய மட்டக்குதிரை ஒன்றை வீட்டு வளவில் புதிதாக வளர்க்கத் தொடங்கியவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் குதிரையின் நிறையை அறிய வேண்டும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளந்து, சுற்றளவை அதே எண்ணாற் பெருக்கி, பின் நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோக்கணக்கு வரும். சுற்றளவு 140, நீளம் 125 என்றால் நிறை 206 கிலோ. அத்தகைய குதிரைக்கு நாளொன்றுக்கு நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது நாலு கிலோ காய்ந்த புல் தேவை. பச்சை அறுகம்புல்லாயின், அதில் பெரும்பகுதி நீர் என்பதால், இருபது கிலோ வரை வேண்டியிருக்கும்.

அடுத்தது கோடைக்கான ஏற்பாடு. சித்திரை வெயில் தொடங்கிச் சோழகக் காற்று ஓயும் வரை இக்குதிரைக்கு நாளொன்றுக்கு இருபது லீற்றர் தண்ணீராவது நிழலில் இருக்க வேண்டும். கடலோரக் கிணறுகள் கோடையில் உவராகிவிடுவதால், நீங்களே ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு வாளியை வையுங்கள்; உங்கள் வாய்க்குப் பிடிக்காத தண்ணீரைக் குதிரை குறைத்தே குடிக்கும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், ஒரு மேசைக்கரண்டி உப்பைத் தீனியில் கலந்து கொடுக்கலாம்.

கோடையில் நான் மிகவும் அஞ்சுவது மணலுக்கே. புல் அருகிய நாட்களில் வெறும் மணலில் தீனியைக் கொட்டினால், குதிரை சிதறிய துணுக்குகளை நாவால் நக்கி மணலையும் சேர்த்து விழுங்கும். அது பெருங்குடலில் படிந்து கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். முதல் வருடத்தில் நானும் அப்படித்தான் கொட்டினேன், ஆடி மாதத்து இரவொன்றில் விடியும் வரை குதிரையோடு விழித்திருந்த பிறகே திருந்தினேன். இப்போது சீமெந்துத் தரையில் தாழ்வான தொட்டி வைத்திருக்கிறேன். தலையைத் தாழ்த்தித் தின்பதே குதிரைக்கு இயல்பு. வாரம் ஒருமுறை, நிலத்தில் தொடாத சாணி உருண்டைகள் ஐந்தாறை எடுத்து, தெளிந்த போத்தலில் தண்ணீர் விட்டுக் கரைத்து, கால்மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டியளவு மணல் படிந்தால் மிருக வைத்தியரிடம் பேச வேண்டும். ஒன்றும் படியாவிட்டால் வயிற்றில் மணலே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது.

தீனியில் மாற்றம் செய்வதாயின் பத்து நாட்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். தவிட்டில் பொஸ்பரஸ் மிகுதியும் கல்சியம் குறைவும் ஆகையால் அதையே நம்பி வளர்த்தால் எலும்பு கெடும். கோழித்தீனை ஒரு கைப்பிடிகூடக் கொடுக்காதீர்கள்; சில கோழித்தீன்களில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். வேலியோரத்து அலரியும் அப்படியே: பூசைக்குப் பூப்பறித்தபின் எறிந்த கிளை வாடிக் காய்ந்தாலும் நஞ்சு போகாது, விழுங்கியதைக் குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது.

ஐப்பசியில் மாரி தொடங்குமுன் கொட்டிலின் தரையை உயர்த்தி, கிடுகையோ தறப்பாளையோ சரிபார்த்து, வைக்கோலை நிலத்தில் படாமல் அடுக்கிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கொடுக்கவே கூடாது. ஈரத்தில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் நடுவிலுள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதி அழுகத் தொடங்கும். நாள்தோறும் காலைத் தூக்கி, மழுங்கிய கொக்கியால் குதியிலிருந்து நுனி நோக்கிச் சேற்றைக் கிளறியெடுத்து, முகர்ந்து பாருங்கள். கரிய கசிவும் நாற்றமும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். மழைக்குப் பின் தளதளவென்று எழும் புல்லில் பசித்த குதிரையை நாள் முழுதும் அவிழ்த்து விடுவதும் ஆபத்தே. குளம்பு சுட்டு, முன்னங்கால்களை நீட்டி, பின்னால் சாய்ந்து நிற்குமாயின் குளம்பின் உள்ளே அழற்சி ஏற்பட்டிருக்கலாம். ஏற்பு வலித் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் வைத்தியர் சொல்லும் கணக்கில் கொடுக்கப்பட வேண்டும்.

ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை வரை இருக்கும். தாடையெலும்பின் கீழ் விரலை வைத்து நாடி பார்ப்பதைக் குதிரை சுகமாயிருக்கும் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, நிலத்தைக் காலால் விறாண்டி, சாணி போடாமல் புரண்டால், தீனியை எடுத்துவிட்டு, நாடி எவ்வளவு, கடைசியாக எப்போது சாணி போட்டது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு உடனே வைத்தியரை அழையுங்கள்.